ஆறாவது வழி

ஊசி அக்காவுக்குக் கோபம் வந்து ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்ததில்லை. பதினெட்டு வருடமாகத் தரைத்தளத்தில், ஏழாம் எண் அறையில், வருகிறவர்களின் கையைப் பிடித்து ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஊசியைக் கண்டதும் வீறிடும் குழந்தைகள், அதே ஊசியைக் கண்டதும் சத்தமில்லாமல் மயங்கிச் சரியும் ஆறடி ஆண்கள், "போன தடவ எடுத்தவ கைராசிக்காரி, அவளக் கூப்பிடு" என்று அவளையே அதட்டும் ஞாபகமறதிப் பெரியவர்கள் என்று எல்லாரையும் ஒரே முகத்தோடு சமாளிப்பாள். மாடி வார்டில் யாருக்காவது நரம்பு கிடைக்காமல் இரண்டு நர்ஸும் ஒரு டாக்டரும் கைவிரித்துவிட்டால் கீழே ஃபோன் அடிக்கும். அவள் லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறிப் போவாள். ரப்பர் பட்டையை இறுக்கிவிட்டு, நோயாளியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, ஆள்காட்டி விரலால் தடவுவாள். பேச்சு முடிவதற்குள் குழாய் நிரம்பியிருக்கும்.

அடுத்த வளாகத்தில் மருத்துவக் கல்லூரி. அங்கிருந்து வருடாவருடம் மாணவர்கள் எட்டெட்டுப் பேராக அவளிடம் பழக வருவார்கள். அவர்களுடைய முதல் குத்து நோயாளியின் கையில் விழ அவள் விட்டதே இல்லை. தன் இடது கையை மேசைமேல் நீட்டிவிடுவாள்.

"முதல்ல என்னக் குத்துங்க. வலிச்சா நான் வாய் திறந்து சொல்லிடுவேன். அவங்க பயத்துல சொல்லமாட்டாங்க."

அந்த ஆஸ்பத்திரியில் இன்றைக்கு ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடப்பவர்களில் பாதிப் பேர் முதன்முதலாக ரத்தம் எடுத்தது அவளுடைய முழங்கை மடிப்பில்தான்.

அப்படி வந்த ஒரு மாணவிதான் எல்லாவற்றையும் தொடங்கிவைத்தாள். கெட்டிக்காரப் பெண். நோயாளியைக் கையை மூடி மூடித் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தவளை ஊசி அக்கா தடுத்தாள்.

"அப்படிச் செய்யச் சொல்லாதம்மா. ரத்தத்துல பொட்டாசியம் கூடுதலாக் காட்டும். இல்லாத வியாதிக்கு மருந்து எழுதிடுவாங்க."

மாணவி நோயாளியின் கையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க ஏன் டாக்டருக்குப் படிக்கல?"

இந்தக் கேள்வி புதிதல்ல. வழக்கமான பதில் ஒன்று கைவசம் இருந்தது. "வீட்டுல அப்ப நிலைமை அப்படி." உண்மையும் அதுதான். பள்ளிக்கூடத்தில் அறிவியலில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பள்ளி இறுதித் தேர்வு முடிந்த மாதமே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆறு வருடப் படிப்பு இரண்டு வருட லேப் பயிற்சியாகச் சுருங்கியது. பத்தொன்பது வயதில் வேலைக்கு வந்தவள், அதை நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. வேலை பிடித்திருந்தது.

மறுவாரம் அந்த மாணவி கல்லூரியின் சேர்க்கைக் கையேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "இதுல ஆறாவதா ஒண்ணு போட்டிருக்காங்க பாருங்கக்கா. உங்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கு."

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே புரட்டினாள். மருத்துவக் கல்லூரிக்குள் போக ஆறு வழிகள் என்று பளபளப்பான தாளில், ஆறு கதவுகள் படம் போட்டு எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே மதிப்பெண்ணோடு வருகிறவர்களுக்கு முதல் கதவு. வேறு பட்டம் வாங்கிவிட்டு மனம் மாறி வருகிறவர்களுக்கு இன்னொன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சிறப்புக் கட்டணம் செலுத்திச் சேர மூன்றாவது. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒன்று. வசதி குறைந்த பள்ளிகளில் படித்தவர்கள் ஒரு வருடம் ஆயத்த வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வர ஒன்று. கடைசிக் கதவுக்குக் கீழே நாலே வரிகள். மருத்துவத் துறையில் பத்தாண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவர்களுக்கு, நுழைவுத் தேர்வு, நேர்காணல் அடிப்படையில், ஆண்டுக்கு இரண்டு இடங்கள். வயது வரம்பு இல்லை. முழு உதவித்தொகை.

அவளுக்கு அப்போது வயது முப்பத்தேழு. சாப்பாடு ஆறிப்போனது தெரியாமல் அந்த நாலு வரிகளை மறுபடி மறுபடி படித்தாள்.

வீட்டில் சொன்னபோது கணவர் சிரிக்கவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் கருத்துச் சொல்கிற ஆள் இல்லை. கையேட்டை வாங்கிப் பொறுமையாகப் படித்துவிட்டு, "எழுது. கேட்டா என்ன குறைஞ்சிடப் போகுது?" என்றார். பதினாறு வயது மகள்தான் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, நீ காலேஜ் முடிக்கிறப்போ நான் வீடு கட்டி முடிச்சிருப்பேன்." மகளுக்கு மருத்துவம் என்றால் வேப்பங்காய். கட்டட வரைபடம் போடுவதில்தான் உயிர்.

விண்ணப்பம் போனது. மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. 'தகுதியின்மை: கல்விச் சான்று காலாவதி' என்று ஒரு முத்திரை. அவ்வளவுதான்.

விடுப்புப் போட்டுக்கொண்டு சேர்க்கை அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட கவுன்ட்டர்க்காரர் உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏழு வருஷத்துக்கு மேற்பட்ட பள்ளிச் சான்றிதழ எடுத்துக்க மாட்டாங்கம்மா. உங்களோடது இருபது வருஷம்."

"சான்றிதழ் என்ன பாலாங்க, நாளானா புளிச்சுப் போறதுக்கு?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டார். "எல்லா வழிக்கும் பொதுவான விதிம்மா அது. பாடமெல்லாம் மாறிப்போச்சில்ல? மறுபடி பரீட்சை எழுதிப் புதுசா ஒரு சான்றிதழ் வாங்கினா செல்லும்."

வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே விட்டிருப்பாள். ஊசி அக்கா பேருந்தில் திரும்பி வரும்போது யோசித்தாள். பாடம் மாறியிருப்பது உண்மைதானே? தெரியாததைப் படிப்பதில் என்ன கௌரவக் குறைச்சல்? அன்றைக்கே மகளுடைய இயற்பியல் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள்.

அந்த ஒரு வருடம் அவள் படித்த விதத்தை லேபில் இன்றும் சொல்வார்கள். ரத்தக் குழாய்களைச் சுழற்றும் மெஷின் ஒரு தடவை ஓடப் பத்து நிமிடம் ஆகும். மெஷின் ஓடும் பத்து நிமிடமும் புத்தகம் திறந்திருக்கும். நின்றதும் மூடிவிடுவாள். மெஷின் சத்தம் கேட்டால்தான் மூளைக்குள் எதுவும் இறங்குகிறது என்று வீட்டில் மிக்ஸியைப் போட்டுவிட்டுப் படிக்கப்போவதாக மிரட்டினாள். மகளும் அந்த வருடம்தான் அதே தேர்வு எழுத வேண்டியிருந்தது. கணக்கை அம்மாவுக்கு மகள் சொல்லிக்கொடுத்தாள், உயிரியலை மகளுக்கு அம்மா சொல்லிக்கொடுத்தாள். "ஏன் இவ்வளவு நாள் நரம்பு நரம்புன்னு சொல்லிட்டிருந்தே? புத்தகத்துல சிரைன்னு போட்டிருக்கு" என்று மகள் வம்புக்கு இழுத்தாள். "ஊசி குத்துறப்போ யாரும் 'ஐயோ என் சிரை'ன்னு கத்துறதில்லடி."

தேர்வு நாளன்று இருவரும் ஒன்றாகப் போனார்கள். வாசலில் நின்ற கண்காணிப்பாளர் அவளை மறித்தார்.

"பெத்தவங்க எல்லாம் வெளிய நில்லுங்கம்மா."

"நான் பெத்தவதான் சார். எழுதவும் வந்தவ" என்று அனுமதிச் சீட்டை நீட்டினாள். பின்னால் நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே உள்ளே போய், மூன்று மணி நேரம் தலை நிமிராமல் எழுதினாள். முடிவு வந்தபோது மகளைவிட ஒன்பது மதிப்பெண் கூடுதல். மகள் இரண்டு நாள் பேசவில்லை.

புதுச் சான்றிதழோடு இரண்டாவது விண்ணப்பம் போனது. இந்தத் தடவை அது திரும்ப ஐந்து வாரம் ஆனது. முத்திரை வேறு: 'தகுதியின்மை: பணிக்காலம் போதாது.'

பத்தொன்பது வருடப் பணி. போதாதாம்.

ஏதோ கைத்தவறு என்றுதான் நினைத்தாள். கவுன்ட்டர்க்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். விதிப் புத்தகத்தை எடுத்தார், பக்கத்தைத் தேடினார், கிடைத்ததும் அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

"பணிக்காலத்த... தகுதிச் சான்றிதழ் வாங்கின தேதியிலருந்துதான் கணக்குல எடுப்பாங்களாம்மா."

"எந்தச் சான்றிதழ்?"

"இப்ப வாங்கினீங்களே, அது."

"அப்போ எனக்கு இப்ப சர்வீஸ் எவ்வளவு?"

அவர் மென்று முழுங்கினார். "நாலு மாசம்."

ஊசி அக்கா அந்தக் கண்ணாடித் தடுப்பின் முன்னால் நின்றபடியே நிதானமாக யோசித்தாள். சான்றிதழ் ஏழு வருடத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழுக்குப் பிறகு பத்து வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். பத்து வருடம் முடிவதற்குள் சான்றிதழ் செத்துவிடும். புதிதாக வாங்கினால் வேலை பார்த்த வருடங்கள் செத்துவிடும். இதில் அவள் மட்டுமா மாட்டினாள்? பிறந்த எந்த மனிதனும் மாட்டுவான்.

"ஏங்க, இந்த வழியில இதுவரைக்கும் எத்தன பேர் சேர்ந்திருக்காங்க?"

கவுன்ட்டர்க்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு பதிவேட்டை இழுத்தார். விரலை மேலிருந்து கீழே ஓட்டினார்.

"யாருமில்ல."

"எத்தன வருஷமா?"

"இந்த வருஷத்தோட பதினஞ்சு."

"எழுதிப்போட்டவங்க?"

"நூத்திப் பன்னெண்டு பேர்." குரலை இன்னும் தாழ்த்தினார். "ஆள் வராத இடம் காலியா கெடக்கக் கூடாதுன்னு, கடைசி வாரத்துல மூணாவது வழிக்கு மாத்திடுவாங்கம்மா. அங்க எப்பவும் வரிசை நிக்குது."

அப்போதுதான் வந்தது அந்தக் கோபம். கத்தவில்லை, கண்ணீரும் விடவில்லை. வருடத்துக்கு இரண்டு, பதினைந்து வருடத்தில் முப்பது இடங்கள். நூற்றுப் பன்னிரண்டு பேர் தங்களுக்குத்தான் ஏதோ குறை என்று வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

நேரே மாடியேறிச் சேர்க்கை அதிகாரியைப் பார்க்கப் போனாள். ஒரு மணி நேரம் உட்காரவைத்த பிறகு அழைத்தார். இனிமையான மனிதர். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவர் தலைக்கு மேலே அந்த ஆறு கதவுப் படம் சட்டம் போட்டுத் தொங்கியது.

அவள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "உங்க ஆதங்கம் புரியுது. ஆனா பாருங்க, இப்படி ஒரு வழி வச்சிருக்கிறதே எங்க கல்லூரியோட பரந்த மனசக் காட்டுது. வேற எத்தன கல்லூரியில இருக்கு?" என்றார்.

"யாரும் நுழைய முடியாத வழி எப்படி சார் வழியாகும்?"

"விதிகள் தரத்தக் காப்பாத்தறதுக்காக வச்சது."

"தரமா? என்னோட மதிப்பெண்ணப் பாத்தீங்களா? மூணாவது வழியில வர்றவங்களுக்கு இதுல பாதி இருந்தாப் போதும்னு உங்க கையேட்டுலயே போட்டிருக்கு."

அவர் புன்னகை கொஞ்சமும் கலையவில்லை. "நீங்க உங்க வேலையில எவ்வளவு நல்ல பேர் எடுத்திருக்கீங்க! எல்லாரும் டாக்டராயிட்டா ரத்தம் யார் எடுக்கிறது, சொல்லுங்க?"

அவள் எழுந்தாள். தண்ணீரைத் தொடவில்லை.

வீட்டில் அன்றைக்குச் சமையல் நடக்கவில்லை. கணவர் இரண்டு விதிகளையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக எழுதச் சொல்லி, ரிப்பேருக்கு வந்த சாமானைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"லிஃப்டுல ஒரு பூட்டு உண்டு. கதவு திறந்திருந்தா லிஃப்ட் நகராது, லிஃப்ட் நகர்றப்போ கதவு திறக்காது. தெரியாம ஆகிற கோளாறு இல்ல அது. ஒயரிங் பண்றப்பவே அப்படிப் பண்றது" என்றார். "இதுவும் அப்படித்தான். யாரோ உக்காந்து பண்ணியிருக்காங்க."

அவள் மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். உங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. வாரத்துக்கு ஒன்று என்று எழுதத் தொடங்கினாள். அவளுடைய அக்காள் தொலைபேசியில் கூப்பிட்டு, "உனக்கு எதுக்குடி இந்த வேண்டாத வேலை? பெரிய இடத்தோட மோதி, இருக்கிற வேலைக்கும் உலை வச்சுக்கப் போற" என்று புலம்பினாள். லேப் மேலாளர் ஒரு நாள் கூப்பிட்டு, மேலே யாரோ அவளைப் பற்றி விசாரித்ததாக ஜாடையாகச் சொன்னார். "நல்லா விசாரிக்கட்டும் சார். நான் என்ன திருடிட்டா ஓடினேன்?" என்றாள். அறைக்குத் திரும்பி அடுத்த நோயாளியின் கையில் பட்டையைக் கட்டித் தடவியபோது நரம்பு விரலுக்கு அகப்படவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வருடத்தில் அது முதல் தடவை. பட்டையை அவிழ்த்துவிட்டு, "ரெண்டு நிமிஷம் இருங்கம்மா" என்று வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். பயத்தினால் வந்த தடுமாற்றமில்லை அது, கோபம்.

பதினொன்றாவது கடிதத்துக்குப் பிறகு விசாரணைக்கு அழைத்தார்கள்.

நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஓய்வு பெற்ற பெண் மருத்துவர், அவர்தான் தலைவர். ஒரு பக்கம் கல்லூரிப் பேராசிரியர். இன்னொரு பக்கம் ஒரு வழக்கறிஞர். சேர்க்கை அதிகாரி ஓரமாக ஒரு தடித்த கோப்போடு உட்கார்ந்திருந்தார்.

"சுருக்கமாச் சொல்லுங்கம்மா" என்றார் தலைவர்.

"ரொம்பச் சுருக்கமாவே சொல்றேன் டாக்டர். இந்த விதிப்படி உள்ள வரக்கூடிய ஒரு மனுஷனக் கற்பனை பண்ணிக் காட்டுங்க. ஆணோ பொண்ணோ, எந்த வயசோ, எந்த வேலையோ. ஒரே ஒருத்தர். காட்டிட்டீங்கன்னா நான் பேசாம வீட்டுக்குப் போயிடறேன்."

பேராசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையை விரித்து எண்ணினார், நிறுத்தினார். "ஒருத்தர் பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டே வேலையும் பாத்திருந்தா..."

"சான்றிதழுக்கு முன்னாடி பாத்த வேலை கணக்குல வராது சார். அடுத்த பக்கத்துல இருக்கு."

வழக்கறிஞர் புத்தகத்தை வாங்கி அடுத்த பக்கத்தைப் படித்தார். பிறகு முந்தைய பக்கத்தை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். தலைவர் காகிதத்தில் ஒரு கோடு கிழித்து வருடங்களைக் குறித்துப் பார்த்தார். அந்த மூன்று படித்த மனிதர்கள் ஒரு கற்பனை மனிதனைத் தேடித் திண்டாடுவதை ஊசி அக்கா நின்றுகொண்டே பார்த்தாள். பரிதாபப்பட்டிருக்கலாம். பரிதாபம் வரவில்லை.

தலைவர் சேர்க்கை அதிகாரியின் பக்கம் திரும்பினார். "இது உங்களுக்குத் தெரியுமா?"

"விதிகள் நான் வர்றதுக்கு முன்னாடியே..."

"தெரியுமான்னு கேட்டேன்."

அவர் கோப்பைப் புரட்டத் தொடங்கினார்.

ஊசி அக்கா சட்டைக் கையை மேலேற்றி இடது முழங்கையை மேசைக்கு நேரே நீட்டினாள். புள்ளி புள்ளியாகத் தழும்புகள். "உங்க பசங்க குத்திப் பழகின கை டாக்டர் இது. அதுக்கு நான் எந்த நன்றியும் கேக்கல. எங்கள மாதிரி ஆளுங்க வேண்டாம்னா, வேண்டாம்னு எழுதுங்க. அத நாங்க தாங்கிப்போம். வாங்க வாங்கன்னு படம் போட்டுட்டு உள்பக்கமா தாழ் போட்டுக்கிறீங்களே, அதுதான் தாங்கல. நூத்திப் பன்னெண்டு பேர் தன்னையே நொந்துக்கிட்டுப் போயிருக்காங்க. கண்துடைப்புக்குக் கூட ஒரு அளவு வேணாமா?"

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. அரைப் பக்கம். 'தெளிவு கருதி' இரண்டு விதிகளும் அடுத்த ஆண்டு முதல் நீக்கப்படுகின்றன. வருத்தம் என்ற சொல் எங்கும் இல்லை. தவறு என்ற சொல்லும் இல்லை. அந்த முப்பது இடங்களைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மகள் கட்டிப்பிடித்துக் குதித்தாள். ஊசி அக்கா 'தெளிவு கருதி' என்ற இரண்டு சொற்களுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டாள். தாள் கிழிந்தது.

அடுத்த வருடம் ஆறாவது வழிக்கு எண்பத்து மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். பூட்டைத் திறந்தவளுக்கே முதல் இடம் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேசிக்கொண்டது. தேர்வு எழுதினாள், நேர்காணலுக்குப் போனாள். பட்டியல் வந்தது. மூன்றாவது இடம்.

இருப்பது இரண்டு. முன்னால் இருந்தவர்கள் ஒரு மருத்துவச்சியும் ஆம்புலன்ஸில் முதலுதவி பார்ப்பவர் ஒருவரும். மதிப்பெண்களை வாங்கிப் பார்த்தாள். நியாயமாகத்தான் தோற்றிருந்தாள். அன்று கொஞ்ச நேரம் அழுதாள். ஆனால் அந்த அழுகை சுத்தமாக இருந்தது என்று பிற்பாடு கணவரிடம் சொன்னாள். முத்திரை குத்தித் திருப்பியனுப்பிய நாட்களில் அழக்கூட வராமல் நெஞ்சு கல்லாக இருந்ததே, அதுபோல் இல்லையாம்.

கல்லூரியில் சேர்கிறவர்கள் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஏழாம் எண் அறைக்குத்தான் வர வேண்டும். ஒரு காலையில், தோள் அகன்ற ஒருவர் சீட்டோடு வந்து உட்கார்ந்தார். அந்த ஆம்புலன்ஸ்காரர்தான். முப்பத்திரண்டு வயதிருக்கும். முகமெல்லாம் பூரிப்பு. அவளை யாரென்று அவருக்குத் தெரியாது. அவர் வேறு ஊர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர்.

"பதிமூணு வருஷமா வண்டியில ஓடினேன் சிஸ்டர். இந்த வருஷம் எங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னு புதுசா ஒரு வழி திறந்திருக்காங்க. காலேஜ்காரங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு."

பட்டையைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"பெரிய மனசா?"

"இல்லையா பின்ன?"

சும்மா இருந்திருக்கலாம். அவருடைய சந்தோஷத்தில் மண் அள்ளிப் போடுவானேன் என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அந்தப் பொய்யை அவர் காலமெல்லாம் நன்றியோடு சுமந்துகொண்டு திரிவார் என்பதை அவளால் சகிக்க முடியவில்லை. ரத்தத்தை எடுத்தாள், பஞ்சை வைத்து அழுத்தினாள், குழாயில் பெயரொட்டினாள். பிறகு எதிரே உட்கார்ந்து, இரண்டு விதிகள், பதினைந்து வருடம், மூன்றாவது வழிக்குப் போன முப்பது இடங்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் எழுதிய கடிதங்களைப் பற்றியும் சொன்னாள். பட்டியலில் மூன்றாவதாக இருந்தது தான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர் முகம் சிவந்தது. "எட்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க அண்ணன் எழுதிப்போட்டான் சிஸ்டர். அவன் நர்ஸ். திருப்பி அனுப்பிட்டாங்க. தன்னோட படிப்பு மட்டம்னு சொல்லிச் சொல்லியே மனசு விட்டுட்டான். இப்ப கடையில உக்காந்திருக்கான்." பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். "இப்ப நான் என்ன செய்யட்டும்? வேண்டாம்னு எழுதிக் குடுத்துடவா?"

"பைத்தியமா உங்களுக்கு? போய் நல்லாப் படிங்க. ஒண்ணே ஒண்ணு செய்ங்க. மொத நாள் மேடையில ஏறி, நாங்க எல்லாருக்கும் கதவத் திறந்து வச்சிருக்கோம்னு பேசுவாங்க. அப்ப கை தட்டாதீங்க."

முதல் நாள் அவர் தட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருத்துவச்சியிடமும் சொல்லியிருந்தார். அவளும் தட்டவில்லை. அன்று சாயங்காலம் அவர் தன் அண்ணனைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்து ஏழாம் எண் அறை வாசலில் நின்றார். அண்ணன் ஊசி அக்காவிடம் வந்து அந்தப் பழைய முத்திரைத் தாளை எடுத்துக் காட்டினார். எட்டு வருடமாக மடித்து வைத்திருந்ததில் மடிப்பெல்லாம் நைந்து கிடந்தது.

அவள் அதை நகல் எடுத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த வருடம் ஊசி அக்கா மறுபடி தேர்வு எழுதி முதல் இடத்தில் வந்தாள். வயது நாற்பது. சேரப் போன நாளன்று கவுன்ட்டர்க்காரர் ஸ்வெட்டரைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று சான்றிதழ்களை வாங்கினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். போட்டுவிட்டுப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து அவரிடமே கொடுத்தாள். அந்த விதிகளை எழுதியவர் யார், எந்தக் கூட்டத்தில் ஒப்புதல் ஆனது, முப்பது இடங்களும் யார் யாருக்குப் போயின, திருப்பி அனுப்பப்பட்ட நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கல்லூரி என்ன சொல்லப்போகிறது என்று கேட்டு எழுதிய கடிதம். அண்ணனுடைய தாளின் நகலும் அதில் இருந்தது.

"சேர்ந்த அன்னிக்கேவாம்மா இது?" என்றார் அவர்.

"வெளிய நின்னு கேட்டிருந்தா வயித்தெரிச்சல்ல பேசுறான்னு சொல்லியிருப்பாங்க. இப்ப உள்ள வந்துட்டேன். இப்ப என்ன சொல்லுவாங்க?"

முதல் பதில் இரண்டாம் பருவத்தில் வந்தது. உரிய கோப்புகள் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். கோப்பு கிடைக்காவிட்டால் கோப்பை வைத்திருந்தவர் கிடைப்பார் என்று அவள் பதில் எழுதினாள். சேர்க்கை அதிகாரி பதவி உயர்வு பெற்று வேறு கட்டடத்துக்குப் போய்விட்டார். கடிதங்கள் அங்கேயும் போகின்றன. நூற்றுப் பன்னிரண்டு பேரில் நாற்பத்தோரு பேரை அவள் தேடிப் பிடித்திருக்கிறாள். அவர்களும் கையெழுத்துப் போடுகிறார்கள். வகுப்பில் கூடப் படிக்கும் பிள்ளைகள் அவளை இன்னும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேராசிரியர்கள் என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

இப்போது அவள் மூன்றாம் ஆண்டு. நாலாவது கடிதம் போன வாரம் போயிருக்கிறது.